கணினி இசைத் தயாரிப்பில் வெளி வன்தட்டு

வெளி வன்தட்டு என்பது கணினிக்கு வெளியே இருந்து வடம் வழியாக இணைக்கப்படும் சேமிப்புக் கருவியாகும். பேச்சு வழக்கில் இது எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் எனப்படுகிறது. கணினியில் பாடல்களைப் பதிவு செய்து தொகுப்போர் இதனை மூன்று வேலைகளுக்குப் பயன்படுத்துகின்றனர். நடப்புப் பணியின் ஒலிக்கோப்புகளை வைத்தல், இசைக்கருவிகளின் மாதிரித் தொகுப்புகளை வைத்தல், காப்புநகல் எடுத்தல் என்பன அவை. ஒவ்வொரு வேலைக்கும் வன்தட்டிடம் எதிர்பார்க்கப்படும் இயல்பு வேறு. ஒரே வன்தட்டை மூன்றுக்கும் நம்பியிருப்பது வேகத்தையும் பாதிக்கும், பாதுகாப்பையும் குறைக்கும்.

ஒலிக்கோப்புகளின் அளவு

48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில், 24 பிட் அளவில் பதிவாகும் ஒரு தடத்திற்கு நொடிக்கு 1,44,000 பைட்டுகள் தேவை. இது நிமிடத்திற்கு 8.64 மெகாபைட் ஆகும். இக்கணக்கின்படி 32 தடங்கள் கொண்ட நான்கு நிமிடப் பாடல் சுமார் 1.1 ஜிகாபைட் இடத்தைப் பிடிக்கும். பாடகர் ஒரே சரணத்தைப் பத்து முறை பாடினால் பத்தும் தனித்தனிக் கோப்புகளாகத் தங்கும். எனவே மடிக்கணினியின் உள்வட்டு விரைவில் நிறைந்துவிடுகிறது. இதுவே பலர் வெளி வன்தட்டை நாடுவதற்கு முதற்காரணம்.

வேகமும் தேடுநேரமும்

மேற்கண்ட 32 தடங்களையும் ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்ய நொடிக்கு 4.6 மெகாபைட் தரவு போதும். நொடிக்கு 480 மெகாபிட் வேகம் கொண்ட பழைய யு.எஸ்.பி. 2.0 இணைப்பே இந்த அளவைத் தாங்கும். இருந்தும் சில வேளைகளில் பாட்டு நடுவில் நின்றுவிடுகிறது. அல்லது 'டிக்' என்ற ஓசை கேட்கிறது.

இதற்குப் பெரும்பாலும் தேடுநேரமே காரணம். சுழலும் வன்தட்டில் ஒவ்வொரு தடத்தின் கோப்பும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். படிக்கும் முனை அவற்றுக்கிடையே ஓயாமல் நகர வேண்டும். நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் தட்டில் உரிய இடம் முனைக்குக் கீழே வரச் சராசரியாக 5.6 மில்லிநொடி ஆகும். 7200 முறை சுழலும் தட்டில் இது 4.2 மில்லிநொடி. முனை நகரும் நேரம் இதனுடன் சேரும். எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை வட்டில் நகரும் பாகங்கள் இல்லாததால் இத்தாமதம் மிகக் குறைவு.

மாதிரித் தொகுப்புகளில் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகத் தெரியும். ஒரு பியானோ தொகுப்பில் ஒவ்வொரு கட்டையும் மெல்லிய அழுத்தம் முதல் வலிய அழுத்தம் வரை பலமுறை பதிவு செய்யப்பட்டிருக்கும். அனைத்தையும் நினைவகத்தில் ஏற்ற இயலாது. ஆகவே ஒவ்வொரு மாதிரியின் தொடக்கம் மட்டும் நினைவகத்தில் வைக்கப்படுகிறது; கட்டை அழுத்தப்பட்டதும் எஞ்சிய பகுதி வட்டிலிருந்து படிக்கப்படுகிறது. 1998இல் வெளிவந்த கிகாசாம்ப்ளர் இம்முறையைப் பரவலாக்கியது. கான்டாக்ட் போன்ற மென்பொருள்களும் இதனைப் பின்பற்றுகின்றன. இவ்வேலைக்கு எஸ்.எஸ்.டி.யே ஏற்றது.

இணைப்பும் கோப்பு முறைமையும்

2008இல் அறிமுகமான யு.எஸ்.பி. 3.0 நொடிக்கு 5 ஜிகாபிட் வேகம் கொண்டது. ஆனால் டைப்-சி முனை கொண்ட எல்லா வடங்களும் இவ்வேகத்தைத் தருவதில்லை; சில வடங்கள் யு.எஸ்.பி. 2.0 வேகத்தில் மட்டுமே இயங்கும். வன்தட்டையும் ஒலி இடைமுகக் கருவியையும் ஒரே ஹப்பில் செருகாமல், கணினியின் தனித்தனித் துளைகளில் இணைப்பது நல்லது.

வட்டு வடிவமைக்கப்பட்டுள்ள கோப்பு முறைமையும் கவனிக்கத்தக்கது. எஃப்.ஏ.டி.32 முறையில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பைச் சேமிக்க இயலாது. ஒரு கச்சேரியை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ கோப்பாகப் பதிவு செய்தால் சுமார் 124 நிமிடங்களில் இந்த எல்லை வந்துவிடும். மென்பொருள் கோப்பைத் தானே பிரித்துக்கொள்ளாவிட்டால், தனி ஆவர்த்தனத்தின் நடுவே பதிவு அறுந்துபோகலாம். என்.டி.எஃப்.எஸ். வட்டை மேக் கணினி இயல்பாகப் படிக்க மட்டுமே செய்யும். எக்ஸ்ஃபேட் முறை விண்டோஸ், மேக் இரண்டிலும் இயங்கும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது வடத்தைப் பிடுங்கினால் அது எளிதில் சிதையக்கூடும்.

தொலையும் கோப்புகள்

இசைத் தொகுப்பு மென்பொருளின் பணிக்கோப்பில் பொதுவாக ஒலி இருப்பதில்லை. ஒலிக்கோப்புகள் இருக்கும் இடத்தின் முகவரியே இருக்கும். பணிக்கோப்பை மட்டும் நகலெடுத்து வேறு கணினியில் திறப்பவருக்கு வெறும் தடங்களே கிடைக்கும். விண்டோஸில் வன்தட்டின் எழுத்து மாறினாலும் கோப்புகள் காணாமற்போனதாகக் காட்டப்படலாம். பணியில் பயன்பட்ட எல்லா ஒலிகளையும் ஒரே கோப்புறையில் திரட்டும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. ஏபிள்டன் லைவில் இது 'கலெக்ட் ஆல் அண்ட் சேவ்' எனப்படுகிறது.

காப்புநகல்

உள்வட்டில் இடம் வேண்டி, பாடல்களை வெளி வன்தட்டுக்கு மாற்றிவிட்டு மூலத்தை அழிப்பது பரவலான பழக்கம். இது காப்புநகல் ஆகாது. முன்பு ஒரு நகல் இருந்தது. இப்போதும் ஒன்றே இருக்கிறது, அதுவும் மேசையிலிருந்து கீழே விழக்கூடிய கருவியில்.

இசைத்துறையின் பதிவுகளைப் பாதுகாத்துவரும் அயர்ன் மவுண்டன் நிறுவனம், தன்னிடம் வந்த 1990களின் வன்தட்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று படிக்கவே இயலாத நிலையில் இருந்ததாக 2024இல் தெரிவித்தது. பயன்படுத்தாமல் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தாலும் வன்தட்டு பழுதடையும். நெடுநாள் மின்சாரமின்றிக் கிடக்கும் எஸ்.எஸ்.டி.யும் தரவை இழக்கக்கூடும்.

இதனால் மூன்று நகல்கள், இரு வகை ஊடகங்கள், ஒரு நகல் வேறிடத்தில் என்னும் 3-2-1 விதி பரிந்துரைக்கப்படுகிறது. காப்புநகலை அவ்வப்போது திறந்து பார்ப்பதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வட்டுக்கு மாற்றுவதும் தேவை. மென்பொருள்கள் வழக்கொழியக்கூடும் என்பதால், முடிந்த பாடலின் ஒவ்வொரு தடத்தையும் தொடக்கப் புள்ளியிலிருந்தே வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்து வைப்பதும் பயன்தரும்.

எதை முதலில் காப்பது என்பதற்கு எளிய அளவுகோல் உண்டு. வாங்கிய மாதிரித் தொகுப்பை மீண்டும் பதிவிறக்கிக்கொள்ளலாம். கலவையை மீண்டும் செய்யலாம். ஒருவர் ஒருநாள் பாடிய குரலை மீண்டும் பெற வழியில்லை. பதிவு முடிந்த அன்றே இரண்டாவது நகல் எடுக்கப்பட வேண்டியது அதுவே.