கோல்ஃப் போட்டியில் விதி நடுவர்

கோல்ஃபில் ஆட்டக்காரரே தமக்கு முதல் நடுவர். பிழை நேர்ந்தால் அவரே சொல்லித் தண்டனையை ஏற்க வேண்டும். அமெச்சூர் வீரர் பாபி ஜோன்ஸ் 1925 அமெரிக்க ஓப்பனில், பந்து அசைந்ததைத் தாமே அறிவித்து ஓர் அடி அபராதம் ஏற்றார். கடைசியில் பட்டத்தையும் இழந்தார். அப்படியிருக்க, தனியாக விதி நடுவர் எதற்கு?

பாதி வேலை ஆட்டத்துக்கு முன்பே இருக்கிறது. எல்லைக்கு வெள்ளை, அபராதப் பகுதிக்கு மஞ்சள் அல்லது சிவப்பு என முளைகள் சரியாக நடப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். இதில் சோம்பினால் பிற்பகல் முழுக்கத் தகராறுதான்.

ஆட்டம் தொடங்கியதும் ஐயங்கள் வரும். பந்தைத் தேட 3 நிமிடம்தான்; 2019க்கு முன் 5. மொத்த அடிகளை எண்ணும் போட்டியில், கண்ணில் பட்ட விதிமீறலை நடுவர் விட்டுவிடக் கூடாது. பொதுவான தண்டனை 2 அடி. இருவர் நேருக்கு நேர் மோதும் ஆட்டத்தில் நிலைமை வேறு: அந்த ஆட்டம் முழுவதற்கும் நியமிக்கப்படாத நடுவர், வீரர் கேட்டாலொழியப் பொதுவாகத் தலையிட முடியாது.

அடி எண்ணும் போட்டியில் நடுவர் அருகில் இல்லையென்றால், ஐயமுள்ள வீரர் அந்தக் குழியை 2 பந்துகளால் ஆடி முடிக்கலாம்; அப்படி ஆடினால், அடிக்கணக்கு அட்டையைக் கொடுக்குமுன் போட்டிக் குழுவிடம் சொல்ல வேண்டும். நடுவர் தீர்ப்பளித்துவிட்டால், அவரே இசைந்தாலன்றி மேல்முறையீடு கிடையாது.