கூதிர்காலத் தோட்டமும் சேதனப் பசளையும்: உடையார்கட்டை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஆங்கிலக் கல்விவழி நம்மை வந்தடைந்த 'இலையுதிர்காலம்' என்னும் சொல் வன்னி மண்ணிற் பொருளற்றது. ஐரோப்பிய உழவன் அறுவடையை முடித்துக் களஞ்சியத்தை அடைக்கும் மாதங்களிலேயே வன்னி உழவன் விதைக்கின்றான். பண்டை இலக்கண நூலார் கூதிர் என வகுத்த ஐப்பசியும் கார்த்திகையுமே இங்குக் காலபோகத்தின் முக்கிய மாதங்கள். வடகீழ்ப் பருவமழையை நம்பி வயலில் நெல்லும் வீட்டுவளவில் மரக்கறியும் இடப்படும் காலம் அது.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் அமைந்த உடையார்கட்டு ஒரு குளத்தூர். வயலும் வளவும் அங்கு அடுத்தடுத்தே உள்ளன. எனினும் இரண்டும் வெவ்வேறு பொருளாதாரங்கள். சேதனப் பசளை பற்றி அண்மையில் எழுந்த விவாதங்கள் பல, இவ்வேறுபாட்டைக் காணாமையாலேயே வழிதவறின என்பது எமது கருத்து.

முதலில் வளவை நோக்குவோம். புரட்டாசியிற் கிடுகு நிழலின்கீழ் நாற்றுமேடை அமைத்துக் கத்தரி, மிளகாய் விதைகளை இடுவர். ஐப்பசி மழை மென்னாற்றை அடித்துச் சாய்க்குமாதலின் அதற்குமுன் நாற்று ஓரளவு முற்றியிருத்தல் வேண்டும். நடுவதோ உயர்பாத்தியில், நீர் தேங்கின் வேர் அழுகும். மழை நீரிற் கரைந்தோடும் யூரியாவைப்போலன்றி மக்கிய மாட்டெரு மண்ணுடன் கலந்து நின்று மெல்லப் பயன்தரும். எனவே இப்பருவத்துக்கு அது பொருத்தமானதே. பூவரசங்குழையும் கிளிசிரிடியாவும் பாத்திக்குள் தாழ்க்கப்படும். பயற்றையும் அவரையும் தம் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியங்களின் துணையால் வளியின் நைதரசனை நிலைப்படுத்துவன. பகற்பொழுது குறுகுவதை உணர்ந்தே நாட்டவரை பூக்கின்றது என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது. அதனை வேறு பருவத்தில் நட்டுக் கொடியை மட்டும் கண்டோர் பலர்.

வயலின் கணக்கு வேறு. 50 கிலோ யூரியா மூட்டையொன்றில் 46 சதவீதம், அதாவது 23 கிலோ, நைதரசன் உண்டு. உலர்ந்த மாட்டெருவில் அது ஏறத்தாழ 1 சதவீதமெனக் கொண்டால், ஒரு மூட்டைக்கு ஈடாக இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட எரு வேண்டும். இரண்டு மாடுள்ள குடும்பம் தன் வளவைப் பேணலாம். பல ஏக்கர் வயலைப் பேணவியலாது. பசுமைப் புரட்சியின் நெல்லினங்களோ நைதரசனை மிகுதியாகப் பெற்று விளையுமாறு உருவாக்கப்பட்டவை.

வன்னி இவ்வுண்மையை நூலிற் கற்கவில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் யூரியாவும் இடம்பெற்றது. வெடிபொருளாக்கப்படலாம் என்பது அரசு கூறிய காரணம். 2002 தொடக்கத்திற் தளர்த்தப்படும்வரை அத்தடை நீடித்தது. அன்று வன்னி உழவன் சேதன வேளாண்மையைத் தேர்ந்தானல்லன். அது அவன்மீது சுமத்தப்பட்டது. அந்நாட்களை இயற்கைக்குத் திரும்பிய பொற்காலமெனப் போற்றுவோரும் உளர். பஞ்சத்தைப் பிறர் வயிற்றிற் கண்டோரின் அழகியல் அது! ஆயினும் அன்று பட்டி நிறைய மாடுகள் இருந்தன என்பதை மறுத்தலாகாது.

2009 ஜனவரியில் அரசு அறிவித்த 'பாதுகாப்பு வலய'த்துள் உடையார்கட்டும் அடங்கியிருந்தது. அவ்வலயத்தினுள்ளும் எறிகணைகள் வீழ்ந்தன. மக்கள் மாட்டையும் விதையையும் விட்டு ஓடினர். பின்னர் மீண்டு வந்தோர்க்கு வளவு கிடைத்தது, பட்டி கிடைக்கவில்லை. இந்நிலையிலேதான் 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்யும் வர்த்தமானி வந்தது. நாட்டுக்கு இது புதுமை, வன்னிக்கு இரண்டாந்தடை. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது காலபோக விதைப்புப் பெரும்பாலும் முடிந்திருந்தது. 2022இல் இலங்கையின் நெல் விளைச்சல் முன்னைய ஆண்டிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்தது.

அதன்பின் 2022 ஜூனில், அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யும்பொருட்டு வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவிக்கப்பட்டது. வயலிற் தோற்ற கொள்கை வளவுக்குள் இறங்கிய கதை இது. விடுமுறையும் சம்பளமும் உடைய ஊழியனுக்கு அது பொழுதுபோக்காகலாம். உடையார்கட்டுப் போன்ற ஊர்களிலோ கூலிவேலையும் சமையலும் முடிந்தபின் வாளியுடன் பாத்திக்குச் செல்பவர் பெரும்பாலும் பெண்ணே. அவரது உழைப்பு எக்கணக்கிலும் சேர்வதில்லை. கறிக்கு வளவு உண்டு என்பதாற் கூலி குறைவாயினும் குடும்பம் உயிர்வாழ்கின்றது. சிறுநிலமுடைமை கூலியைத் தாழ்த்த உதவும் என்பதைக் கார்ள் கௌட்ஸ்கி 1899இலேயே எடுத்துக்காட்டினார்.

மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கு மீளக் கொடாமை முதலாளித்துவ வேளாண்மையின் இயல்பென மார்க்ஸ் 1867இல், லீபிக்கின் இரசாயன ஆய்வுகளைக் கற்று, எழுதினார். இம்மீளளிப்பு வன்னியில் மாட்டின்வழியே நிகழ வேண்டியது. மாட்டுக்கோ தரை வேண்டும். மேய்ச்சற்றரை ஒதுக்குமாறு வன்னிக் கால்நடை வளர்ப்போர் நெடுங்காலமாகக் கோரி வருகின்றனர். காலபோகம் தொடங்கியதும் வயலெல்லாம் பயிராகிவிட, மாடுகள் ஊருக்கு அப்பால் காட்டோரங்களுக்குச் சாய்க்கப்படுகின்றன. பாத்திக்கு எரு மிக வேண்டிய அதே ஐப்பசியிற் சாணம் காட்டில் விழுகின்றது.