ஜமக்காளச் சலவையும் நமது உவர்நீரும்

புதூர் வட்டாரத்தில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையின் தீர்மானப் புத்தகத்தைத் தணிக்கையின்போது பார்வையிட்டதில் ஒரு தீர்மானம் கருத்தை ஈர்த்தது. அங்கத்தினர் வீட்டு விசேஷங்களுக்கு வாடகைக்கு விடும்பொருட்டு, பண்டகசாலையார் ஒரு நெசவாளர் சங்கத்திடம் ஜமக்காளங்கள் வாங்கியிருந்தனர். முதற் சலவையிலேயே சிவப்புச் சாயம் கரைந்து வெள்ளைப் பட்டைகளில் ஏறிவிட்டது. துணியும் பலகைபோல் விறைத்துவிட்டது. சாயம் தரக்குறைவு என்று கருதி, சங்கத்துக்குத் தரவேண்டிய பாக்கியை நிறுத்திவைப்பதெனத் தீர்மானித்திருந்தார்கள். அந்தப் பாக்கி போய்ச் சேர்ந்தால்தான் அங்கே தறியில் உட்கார்ந்தவர்களுக்குக் கூலி பட்டுவாடா ஆகும். இரண்டும் கூட்டுறவு ஸ்தாபனங்கள். ஒன்றில் பருத்தி விளைவிப்போர், மற்றொன்றில் அதை நெய்வோர்.

சலவை செய்த பெரியவரை அழைத்து விசாரித்தேன். கிணற்று நீரில் சவுக்காரம் போட்டிருக்கிறார், நுரை எழவில்லை. பிறகு சலவைச் சோடா போட்டிருக்கிறார். "நுரை வரவில்லை ஐயா, வரும்வரை போட்டேன்" என்றார். அவரைக் குறைசொல்வதற்கில்லை. நமது கிணறுகளை அறிந்தவர் எவரும் அப்படித்தான் செய்திருப்பார்.

கரிசலைச் சில அடி தோண்டினால் சுக்கான்கல் தட்டுப்படுவதைச் சம்சாரிகள் அறிவார்கள். அது சுண்ணாம்புச் சத்தே. நிலத்தடி நீர் அதனூடே ஊறி வருவதால் சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகளைச் சுமந்து வருகிறது. சவுக்காரம் இவ்வுப்புகளோடு சேர்ந்தவுடன், நீரில் கரையாத பிசுக்காக மாறிவிடும். நுரை தோன்றுமுன் ஏராளமான சவுக்காரம் இவ்வாறு வீணாகிறது. அப்பிசுக்கு நூலிழைகளில் படிந்து, அடுத்த விருந்தில் மிதிபடும் புழுதியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்கிறது. சலவைக்குப்பின் விரைவில் அழுக்கேறும் விரிப்பு பெரும்பாலும் நன்கு அலசப்படாத விரிப்பேயாகும். சோடாவோ உப்புகளைச் சுண்ணாம்புப் பொடியாக வீழ்த்தி நீரை மென்மையாக்கும்; ஆனால் ஜமக்காளம் ஊறும் தொட்டியிலேயே போட்டால் அப்பொடி துணியில்தான் இறங்கும். விறைப்புக்குக் காரணம் இதுவே. சோடா வேண்டுமெனில் முன்னிரவே வேறு தொட்டி நீரில் சிறிதளவு கரைத்து, காலையில் தெளிவை மட்டும் இறுத்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாயம் ஓடியதன் காரணத்தையும் சோதித்தோம். அதே சரக்கில் உபயோகிக்காமல் இருந்த ஒரு ஜமக்காளத்தை எடுத்து, நனைத்த வெள்ளைத் துணித்துண்டுகள் மூன்றைச் சிவப்புப் பட்டையின்மேல் வைத்து, கல்லை ஏற்றி அரைமணி நேரம் விட்டோம். கண்மாய் நீரில் நனைத்த துண்டில் இளஞ்சிவப்பு லேசாகத் தெரிந்தது. சலவைத் திரவம் கலந்த நீரில் நனைத்தது சற்றுக் கூடுதல். சோடா நீரில் நனைத்த துண்டோ வெற்றிலைச் சாறு துப்பியதுபோல் ஆயிற்று. ஆகவே சாயம் முற்றிலும் குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. வாட் சாயம் தோய்த்திருந்தால் வெறும் நீரில் இந்த அளவுகூட இறங்கியிராது. எனினும் வெள்ளைப் பட்டையைக் கெடுத்தது சோடாதான்.

இனி, எதைக்கொண்டு வெளுப்பது? செயற்கைச் சலவைத்தூள் உவர்நீரில் சவுக்காரத்தைப்போல் திரிந்து பிசுக்காவதில்லை. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு 'சர்ஃப்' விற்பனைக்கு வந்தது. 1969-ஆம் ஆண்டு குஜராத்தில் கர்சன்பாய் படேல் 'நிர்மா'வைத் தொடங்கிய பிறகு இவ்வகைத் தூள் ஏழை வீடுகளையும் எட்டியது. ஆனால் தூள் என்ற பெயரில் விற்பவை யாவும் ஒன்றல்ல. விலை மலிந்த தூள்கள் பலவற்றில் சோடா கணிசமாகச் சேர்ந்திருக்கிறது. இதைக் கண்டறிய ரசாயனசாலைக்குப் போகவேண்டியதில்லை. வெள்ளைத் துணிக் கீற்றில் மஞ்சளை அரைத்துத் தடவி உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். கரைசலில் தோய்க்கும்போது மஞ்சள் சிவந்தால் அதில் காரம் உண்டு; சாயத் துணிக்கு அது ஆகாது. மஞ்சள் பட்ட சேலைக்குச் சோப்புப் போட்டுச் சிவந்துபோனதைக் காணாத குடும்பம் நம்மிடையே இல்லை; அதே விஷயந்தான். காரம் குறைந்த சலவைத் திரவங்கள் இப்போது கிடைக்கின்றன. விலை கூடினாலும் குடத்துக்கு 30 கிராமுக்கு மேல் வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். பழைய பூந்திக்கொட்டையும் வண்ணத்துக்குத் தீங்கு செய்வதில்லை. ஆயினும் சபை விரிப்பில் ஏறிய எண்ணெய்க் கறைக்கு அது போதாது.

நீர் படுமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. கொடியில் போட்டுப் புழுதி அடங்கும்வரை தட்டவேண்டும். கரிசல் தூசி உலர்ந்திருக்கும்வரை உதிர்ந்துவிடும். நனைந்துவிட்டால் ஊதிப் பெருத்து ஒட்டிக்கொள்ளும். மழை பெய்த மறுநாள் புஞ்சைக்குள் கால்வைத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது அலசுதல். நீர் விலைகொடுத்து வாங்கும் பண்டமாகிவிட்ட ஊர்களில் இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். குடம் ஒன்றுக்குப் பத்து லிட்டர் என்க. பெரிய ஜமக்காளம் ஒன்றை மிதித்து வடித்தபின்னும் அதில் எட்டு லிட்டர் சோப்பு நீர் தங்குவதாக வைத்துக்கொள்வோம். நான்கு குடத்தையும் ஒரே தடவையாகத் தொட்டியில் கொட்டி அலசிப் பிழிந்தால், 48 லிட்டரில் 8 லிட்டர் மீண்டும் துணியிலேயே தங்கும்; அதாவது சோப்பில் ஆறில் ஒரு பங்கு மிஞ்சும். இரண்டிரண்டு குடமாக இருமுறை அலசினால் ஏறக்குறையப் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒவ்வொரு குடமாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் மிதித்து வடித்து, நான்கு முறை அலசினால் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நீர் அதே நான்கு குடந்தான். வடிப்பதில் அலுப்புப்பட்டால் மட்டும் இக்கணக்குப் பொய்த்துவிடும். ஆகவே சாய்வான கல்தளம் ஒன்று தொட்டியைவிட மேல். பெருநகரங்களில் தரைவிரிப்புச் சலவைத் தொழில் செய்வோர் வெந்நீரைத் தெளித்து உடனுக்குடன் உறிஞ்சியெடுக்கும் இயந்திரங்களை வைத்திருக்கிறார்கள். அவற்றின் சூட்சுமமும் சிறிது ஊற்றி முழுதும் எடுப்பதே.

கடைசிக் குடம் மட்டுமாவது மழைநீராக அல்லது கண்மாய் நீராக இருக்கட்டும். கண்மாய் நீர் கலங்கலாயின் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளியவைக்கலாம். பிழிந்த நீரில் மஞ்சள் கீற்றைத் தோய்த்து, வெறும் நீரில் தோய்த்த கீற்றோடு ஒப்பிட்டால் காரம் போய்விட்டதா என்பது தெரிந்துவிடும்.

பருத்தி ஜமக்காளத்தை முறுக்கலாம். பருத்தி நனைந்தால் வலுக்கூடும். பவானி ஜமக்காளங்களில் ஒருவகை செயற்கைப் பட்டு நூல் ஊடையாக வருவது. அது நனைந்தவுடன் வலுவில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும் ஆதலால் முறுக்கலாகாது, சுருட்டி அழுத்தவேண்டும். எதுவாயினும் ஈரத்தோடு குவித்து வைக்கக்கூடாது. சாயம் ஓடுவது பாதி அந்தக் குவியலில்தான். கம்பளி விரிப்பு நம் பக்கத்தில் அரிது. அருகிலுள்ள வேம்பூரின் பெயர்பெற்ற செம்மறிகூடக் கம்பளி தருவதன்று, கறிக்கு வளர்ப்பது. விருந்தினர் விடுதிகளில் இருக்கும் கம்பளிக்குச் சோடாவோ வெளுப்புக் காரமோ காட்டலாகாது. குளிர்ந்த நீர், காரமற்ற திரவம், கடைசி அலசலில் சிறிது வினிகர், அவ்வளவே.

சோதனைத் துணிகள் மூன்றையும் பண்டகசாலை நிர்வாகக் குழுவினர் முன் விரித்துவைத்தேன். ஜமக்காளம் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்ட பண்டங்களில் ஒன்று. ஆனால் கெட்ட பெயர் ஒருமுறை பரவிவிட்டால் வாங்குவோர் ஆலையில் செய்த பிளாஸ்டிக் பாய்க்குப் போய்விடுகிறார்கள் என்பதையும் சொன்னேன். விவாதம் நெடுநேரம் நடந்தது. தீர்மானம் ரத்தாயிற்று, பாக்கி அனுப்பப்பட்டது. நெசவாளர் சங்கத்துக்கும் ஒரு கடிதம் போயிற்று: இனி ஒவ்வொரு ஜமக்காளத்தின் ஓரத்திலும் இன்ன சாயம், இன்னவாறு அலசுக என்று சீட்டுத் தைத்து அனுப்பவேண்டும் என்று. பெரியவர் கல்தளத்தைச் சாய்வாக்கித் தரும்படி கேட்டிருக்கிறார்; அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அது இருக்கிறது.