உண்டபின் உயரும் சர்க்கரையும் தசையின் பணியும்

முன்னுரை

நீரிழிவு என்னும் பெயர் சிறுநீரை வைத்து எழுந்தது. குருதியில் குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்த பின்னரே அது சிறுநீரில் வெளியேறத் தொடங்குகிறது. ஆனால் உண்ணாநிலையில் 126 மில்லிகிராம் என்பதே நோயைக் குறிக்கும் எல்லையாகும். எனவே பெயர் சுட்டும் அறிகுறி, நோய் வேரூன்றிய பின்னரே தென்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, இந்நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதாக மதிப்பிட்டது. இவர்கள் பெறும் அறிவுரை பெரும்பாலும் சோற்றைக் குறைத்தல், நடத்தல் என்னும் இரண்டில் அடங்கிவிடுகிறது. இவ்விரண்டும் தனித்தனியானவை அல்ல. ஒன்றன் பயன் மற்றதன் நேரத்தைச் சார்ந்துள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குருதியின் சிறு கொள்ளளவு

ஐந்து லிட்டர் குருதியில் இயல்பான நிலையில் இருக்கும் குளுக்கோஸ் ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவே. முந்நூறு கிராம் சோறோ 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்தைக் கொண்டுவருகிறது. வந்து சேரும் இச்சர்க்கரையைக் குருதி தேக்கி வைப்பதில்லை. கல்லீரலும் தசைகளும் அதனைக் கிளைகோஜனாகச் சேமிக்கின்றன. கல்லீரலின் இருப்பு ஏறத்தாழ 100 கிராம் என்றால், தசைகளின் மொத்த இருப்பு அதனைப் போல் நான்கு மடங்கு இருக்கலாம். தசையே பெருங்களஞ்சியம். அதன் கதவைத் திறப்பது இன்சுலின். இரண்டாம் வகை நீரிழிவில் அக்கதவு இன்சுலினுக்கு எளிதில் திறப்பதில்லை.

உணவின் வரிசை

உணவுகள் சர்க்கரையை உயர்த்தும் வேகத்தை ஒப்பிடும் சர்க்கரை உயர்த்தல் குறியீட்டை டொராண்டோவில் டேவிட் ஜென்கின்சும் அவர்தம் குழுவினரும் 1981இல் முன்வைத்தனர். தனி உணவை அளக்க அது பயன்படும். ஆனால் எவரும் வெறுஞ்சோற்றை மட்டும் உண்பதில்லை. சோற்றுடன் சேரும் பருப்பு, காய், மீன், எண்ணெய் ஆகியவை இரைப்பை காலியாகும் வேகத்தையும் செரிமானத்தையும் மாற்றுகின்றன.

உண்ணும் வரிசையும் பொருட்படுத்தத்தக்கது. 2015இல் அமெரிக்காவில் 11 நோயாளரிடம் நடத்தப்பட்ட சிற்றாய்வில், காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு, பின்னர் மாவுச்சத்தை உண்டபோது, ஒரு மணி நேரத்திற்குப் பிந்தைய சர்க்கரை ஏறத்தாழ 37 விழுக்காடு குறைந்திருந்தது. எண்ணிக்கை மிகச் சிறிது. எனினும் விளைவு உடலியங்கியலோடு பொருந்துகிறது. தமிழர் உணவில் பொரியலும் கூட்டும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் துணையாகவே அமைகின்றன. அவற்றின் அளவைக் கூட்டி, ஒரு பகுதியை முதலில் உண்பதற்குப் புதிய பண்டமோ கூடுதல் செலவோ பெரிதும் வேண்டியதில்லை.

தசை சுருங்கும்போது

தசைச் செல்லுக்குள் குளுக்கோசைக் கொண்டுசெல்வது குளூட்-4 என்னும் கடத்திப் புரதம். இன்சுலினின் ஆணையால் அது செல்லின் மேற்பரப்புக்கு வருகிறது. தசை சுருங்கும்போதும் வேறொரு வழியாக அவ்வாறே வருகிறது. இன்சுலின் வழி மங்கிய நோயாளரிடத்தும் இந்த இரண்டாம் வழி செயல்படுகிறது. நடையின் மதிப்பு கலோரியைச் செலவிடுவதில் மட்டும் அடங்குவதன்று என்பது இதனால் பெறப்படும்.

சர்க்கரை உச்சத்தை அடைவது பொதுவாக உண்ணத் தொடங்கிய ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில். அப்போது தசை இயங்கினால் வரும் சர்க்கரை உடனுக்குடன் செலவாகிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதனைச் சோதித்தது. 41 நோயாளர், ஒரு காலம் நாளுக்கு 30 நிமிடம் விரும்பிய நேரத்திலும், மற்றொரு காலம் ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் 10 நிமிடமும் நடந்தனர். மொத்த நடை ஒன்றே. உணவுக்குப் பின் நடந்தபோது சர்க்கரை உயர்வு 12 விழுக்காடும், இரவுணவுக்குப் பின் 22 விழுக்காடும் குறைந்திருந்தது.

வெறும்வயிற்றில் காலைநடை சென்று, பின்னர் இட்லி உண்டு இருக்கையில் அமரும் வழக்கத்தை இங்கு எண்ணிப் பார்க்கலாம். காலைநடை வீணன்று; அதனால் கூடும் இன்சுலின் உணர்திறன் ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கக்கூடும். ஆயினும் பெருமளவு சோறு செல்லும் நண்பகலுக்குப் பின்னும், காலம் தாழ்த்திய இரவுணவுக்குப் பின்னும் உடல் அசைவற்றுக் கிடக்கிறது. ‘உண்ட மயக்கம்’ என்று உறங்கும் அந்த ஒரு மணி நேரமே சர்க்கரை உச்சம் கொள்ளும் நேரம்.

வாழ்க்கைமுறை மாற்றத்தின் ஆற்றலுக்குச் சென்னையிலேயே சான்று உண்டு. நீரிழிவின் முன்னிலையில் இருந்த 531 பேரை மூன்றாண்டு காலம் தொடர்ந்து 2006இல் வெளிவந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவு, நடை மாற்றங்கள் நோய் வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தன. மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்தது 26.4 விழுக்காடு.

விலக்குகள்

எல்லாப் பயிற்சியும் உடனடியாகச் சர்க்கரையைக் குறைப்பதில்லை. கடும் ஓட்டத்தின்போதும் பளு தூக்கும்போதும் அட்ரினலின் கல்லீரலைத் தூண்டுவதால் அளவு சிறிது நேரம் உயரக்கூடும்; அது கண்டு பயிற்சியைக் கைவிடுதல் பிழை. இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ கொள்பவர்க்கு அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கும் இடர் உண்டு. நடுக்கமும் வியர்வையும் அதன் அறிகுறிகள். இத்தகையோர் நடைக்குச் செல்லும்போது சர்க்கரையை உடன் வைத்திருத்தல் வேண்டும்; மருந்தின் அளவை நடைக்கேற்பத் திருத்துவது மருத்துவரின் பொறுப்பாகும்.