எரிகோ நகரின் மூன்று வீடுகள்

ஒருவர் செய்த நன்மையும் தீமையும் குடும்பத்தை எப்படித் தொடுகிறது? பைபிள் சொல்லும் கதைகள்

வீட்டில் ஒருவன் பாவம் செய்கிறான். அது அவனோடு போய்விடுமா? மனைவி மக்களையும் பிடிக்குமா?

வீட்டில் ஒருத்தி புண்ணியம் செய்கிறாள். அதன் பலன் அவளுக்கு மட்டுமா? வீடு முழுவதும் அதன் நிழலில் தங்குமா?

குடும்பம் என்று ஒன்று ஏற்பட்ட நாள் முதல் மனிதன் கேட்டு வரும் கேள்வி இது. பைபிள் இதற்குப் பெரும்பாலும் கதைகளாகவே பதில் சொல்லுகிறது. அவற்றில் மூன்று கதைகளுக்கு ஒரே ஊர்தான் களம். அந்த ஊர் எரிகோ.

பேரீச்ச மரப் பட்டணம்

யோர்தான் நதியின் பள்ளத்தாக்கில் இருக்கிறது எரிகோ. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 250 மீட்டர் கீழே அமைந்த ஊர். சுற்றிலும் வறண்ட மலைகள். ஆனால் ஊருக்குள் வற்றாத ஊற்று உண்டு. அதனால் பேரீச்ச மரங்கள் செழித்து வளர்ந்தன. பைபிளிலும் அந்த ஊருக்குப் பேரீச்ச மரங்களின் பட்டணம் என்ற பெயர் உண்டு.

உலகத்தின் மிகப் பழைய ஊர்களில் எரிகோவும் ஒன்று. பழைய நகரம் இருந்த மண்மேட்டை, காத்லீன் கென்யான் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1952 முதல் 1958 வரை தோண்டி ஆராய்ந்தார். 2023-ல் யுனெஸ்கோ அந்த மேட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

எரிகோவின் மதில் எந்தக் காலத்தில் விழுந்தது என்பது பற்றி அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அது ஆராய்ச்சியாளர்கள் தீர்க்க வேண்டிய வழக்கு. குடும்பத்தாருக்கு வேண்டியது மதிலின் வயது அல்ல. மதில் மேல் இருந்த ஒரு வீட்டின் கதை.

முதல் வீடு: சிவப்புக் கயிறு

அந்த வீட்டில் இருந்தவள் பெயர் ராகாப். அவள் ஒரு விலைமாது. ஊரார் மதிக்காத பெண்.

எகிப்தில் அடிமைகளாக இருந்து தப்பி வந்த இஸ்ரவேலர், யோசுவா என்ற தலைவரின் கீழ் எரிகோவைப் பிடிக்க வந்தனர். முதலில் 2 ஒற்றர்களை அனுப்பினர். அவர்கள் ராகாப் வீட்டில் தங்கினர். செய்தி அரசன் காதுக்குப் போயிற்று. காவலர் ஓடி வந்தனர்.

ராகாப் அந்த இருவரையும் மொட்டை மாடியில், காயப்போட்டிருந்த சணல் தட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். பிடிபட்டால் அவள் தலை தப்பாது. இருந்தும் துணிந்தாள். இஸ்ரவேலரின் கடவுளே உண்மையான கடவுள் என்று அவள் நம்பினாள்.

இரவில் ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி அவர்களை இறக்கிவிடு முன், அவள் ஒரு வரம் கேட்டாள். தன் உயிரை மட்டும் கேட்கவில்லை. தாய், தகப்பன், அண்ணன் தம்பிகள், அக்காள் தங்கைகள், அவர்களைச் சேர்ந்தவர்கள் எல்லோருடைய உயிரையும் கேட்டாள்.

ஒற்றர்கள் ஒப்புக் கொண்டனர். ஜன்னலில் ஒரு சிவப்புக் கயிற்றைக் கட்டி வைக்க வேண்டும். குடும்பத்தார் அனைவரும் அந்த வீட்டுக்குள் இருக்க வேண்டும். வெளியே போகிறவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றனர்.

எரிகோ விழுந்தது. ராகாபின் வீட்டார் மட்டும் பிழைத்தனர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவளுடைய நம்பிக்கை வீட்டுக் கதவைத் திறந்து வைத்தது. ஆனால் அந்தத் தகப்பனும் தாயும் சகோதரர்களும் தங்கள் கால்களால் நடந்து உள்ளே வந்தார்கள். கடைசி வரை உள்ளேயே இருந்தார்கள். ஒருவரின் புண்ணியம் மற்றவருக்கு வாசல் ஆகலாம். நுழைவது அவரவர் பொறுப்பு.

ராகாபின் கதை அத்தோடு முடியவில்லை. அவள் இஸ்ரவேலரிடையே வாழ்ந்தாள். சல்மோன் என்பவனுக்கு அவள் மூலம் பிறந்த மகன் போவாஸ் என்று மத்தேயு எழுதுகிறார். பிழைக்க வழியின்றி வயலில் கதிர் பொறுக்க வந்த ரூத் என்ற அயல்நாட்டு விதவையிடம் இரக்கம் காட்டி, அவளை மணந்து கொண்டவன் இந்தப் போவாஸ்தான். அயல் இனத்துத் தாயின் மகனுக்கு அயல் இனத்துப் பெண்ணின் துயரம் புரிந்திருக்கும். போவாசின் கொள்ளுப் பேரன் தாவீது அரசன். அந்த வம்சத்தில் பிறந்தவர் ஏசுநாதர்.

இரண்டாம் வீடு: தரைக்கு அடியில் 70 சவரன்

எரிகோவில் அகப்படும் பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு எல்லாம் கடவுளின் கருவூலத்துக்கு உரியவை. யாரும் எதையும் தனக்கென்று எடுக்கக் கூடாது. இது யோசுவாவின் கட்டளை.

ஆகான் என்பவன் மீறினான். நேர்த்தியான ஒரு பாபிலோன் அங்கி அவன் கண்ணில் பட்டது. 200 சேக்கல் வெள்ளியும், 50 சேக்கல் எடையுள்ள ஒரு பொன் பாளமும் கண்டான். சேக்கல் என்பது அக்காலத்து எடை. ஒரு சேக்கல் 11 கிராமுக்குச் சற்று அதிகம். இன்றைய கணக்கில் அந்தப் பொன் மட்டும் ஏறக்குறைய 70 சவரன்.

ஆகான் அவற்றைத் தன் கூடாரத்துக்குக் கொண்டு போனான். தரையில் குழி தோண்டிப் புதைத்தான். மண்ணை மூடினான். யாரும் பார்க்கவில்லை என்று எண்ணினான்.

அடுத்து ஆயி என்ற சிற்றூரைத் தாக்க ஏறக்குறைய 3,000 பேர் போனார்கள். எளிதில் வெல்ல வேண்டிய சண்டை. தோற்று ஓடி வந்தார்கள். 36 பேர் மாண்டனர்.

அந்த 36 பேரும் பொன்னைப் பார்த்தவர்கள் அல்ல. தொட்டவர்களும் அல்ல. அவர்கள் வீடுகளில்தான் முதலில் அழுகுரல் எழுந்தது.

குற்றவாளி யார் என்று சீட்டுப் போட்டார்கள். முதலில் குலம், பிறகு வம்சம், பிறகு குடும்பம், கடைசியில் ஆள். ஆகான் அகப்பட்டான். யோசுவா அவனை மகனே என்று அழைத்து உண்மையைக் கேட்டார். அவன் ஒப்புக் கொண்டான். குழியைத் தோண்டினார்கள். எல்லாம் இருந்தன. அவன் ஒரு காசும் செலவு செய்திருக்கவில்லை. அந்த அங்கியை ஒரு நாளும் உடுத்தி ஊருக்குள் நடந்திருக்க முடியாது.

ஆகானையும், அவன் மகன்களையும் மகள்களையும், ஆடு மாடுகளையும், கூடாரத்தையும் ஒரு பள்ளத்தாக்குக்குக் கொண்டு போனார்கள். அங்கே கல்லெறிந்து கொன்று எரித்தார்கள். அந்த இடத்துக்கு ஆகோர் என்று பெயர் வந்தது. எபிரேய மொழியில் அதற்குத் துன்பம், கலக்கம் என்று பொருள்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள்?

இந்த இடத்தில் படிப்பவர் நெஞ்சு உறுத்தும். திருடியவன் தகப்பன். பிள்ளைகள் ஏன் சாக வேண்டும்?

கூடாரத்துக்குள் குழி தோண்டியது வீட்டாருக்குத் தெரியாமல் இருக்குமா, தெரிந்தும் மறைத்தவர்கள் அல்லவா என்று சிலர் விளக்கம் சொல்லுவார்கள். பைபிள் அப்படிச் சொல்லவில்லை. கேள்வி கேள்வியாகவே நிற்கிறது.

ஆனால் அதே பைபிள் வேறு இடங்களில் தெளிவாகப் பேசுகிறது. பிள்ளையின் குற்றத்துக்காகத் தகப்பனையோ, தகப்பன் குற்றத்துக்காகப் பிள்ளையையோ கொல்லக் கூடாது என்று உபாகமம் என்ற சட்ட நூல் விதிக்கிறது. அமத்சியா என்ற யூத அரசன் இந்தச் சட்டத்தைக் கடைப்பிடித்தான். தன் தகப்பனைக் கொன்றவர்களுக்கு மரண தண்டனை விதித்தான். அவர்களுடைய பிள்ளைகளைத் தொடவில்லை.

கி.மு. 597-ல் பாபிலோன் அரசன் யூதர்கள் பலரைச் சிறைபிடித்துக் கொண்டு போனான். அவர்களில் எசேக்கியேல் என்ற தீர்க்கதரிசியும் ஒருவர். சிறைபட்டவர்களிடையே ஒரு பழமொழி வழங்கியது. புளித்த திராட்சையைத் தின்றது தகப்பன், பல் கூசியது பிள்ளைக்கு என்பது அதன் கருத்து. முன்னோர் செய்த பாவத்துக்குத் தாங்கள் வதைபடுவதாக அவர்கள் நொந்து கொண்டனர்.

அந்தப் பழமொழியை இனிச் சொல்லாதீர்கள் என்றார் எசேக்கியேல். மூன்று தலைமுறைகளை அவர் உதாரணம் காட்டினார். தகப்பன் நல்லவன்; அவன் வாழ்வான். மகன் கொடியவன், தகப்பனின் நன்மை அவனைக் காப்பாற்றாது. பேரன் நல்லவன்; மகனின் கொடுமை அவன் மேல் விழாது. கொடியவனே மனம் திருந்தினாலும் பிழைப்பான். கடவுள் யாருடைய சாவையும் விரும்புகிறவர் அல்ல.

கண் தெரியாத பிள்ளை

ஏசுநாதர் காலத்திலும் இந்தக் கேள்வி எழுந்தது. பிறவியிலேயே கண் தெரியாத ஒருவனைச் சீடர்கள் பார்த்தனர். பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டனர்.

இவனும் அல்ல, பெற்றவர்களும் அல்ல என்றார் ஏசுநாதர். கடவுளின் செயல் இவனிடம் வெளிப்படும் என்றார். அவனுக்குப் பார்வை கொடுத்தார்.

நோயாளிக் குழந்தையைப் பெற்ற தாயைப் பார்த்து, என்ன பாவம் செய்தாளோ என்று பேசுகிறவர்கள் உண்டு. இளம் விதவையைப் பார்த்தும் அப்படிப் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்குக் கிறிஸ்தவ போதனையில் இடம் இல்லை. ஒரு வீட்டில் துன்பம் வந்தால், கணக்குப் பார்ப்பது அயலார் வேலை அல்ல. கை கொடுப்பதுதான் அயலார் வேலை.

தண்டனை வேறு, விளைவு வேறு

அப்படியானால் தகப்பனின் தீமை பிள்ளையைத் தொடவே தொடாதா?

தொடும். பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை செல்லும் என்று பத்துக் கட்டளைகளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்தாற்போல், கடவுளின் இரக்கம் ஆயிரம் தலைமுறைக்குச் செல்லும் என்றும் இருக்கிறது. தீமைக்கு நான்கு, நன்மைக்கு ஆயிரம்!

ஒரே கூரையின் கீழ் தாத்தா, தகப்பன், மகன், பேரன் என்று நான்கு தலைமுறை வாழ்வது உண்டு. மூத்தவர் செய்வதை இளையவர் பார்த்துக் கொண்டே வளருகிறார்கள்.

தகப்பன் குடித்தால் பிள்ளை பட்டினி கிடக்கிறது. பிள்ளை செய்த குற்றத்துக்குத் தண்டனை அல்ல அது. தகப்பன் செய்த குற்றத்தின் விளைவு. கடன்காரர் வாசலில் நிற்கிறார். அப்பா வீட்டில் இல்லை என்று சொல், என்று கதவுக்குப் பின்னால் நின்று தகப்பன் சொல்லிக் கொடுக்கிறார். குழந்தை அன்று ஒரு பொய் சொல்லுகிறது. பொய்யால் தப்பலாம் என்ற பாடத்தையும் கற்றுக் கொள்கிறது.

அநியாய லாபத்துக்கு ஆசைப்படுகிறவன் தன் வீட்டையே கலக்குகிறான் என்பது நீதிமொழிகள் என்ற நூலின் எச்சரிக்கை. எபிரேய மொழியில் அங்கே வரும் சொல்லும், ஆகோர் என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. அநியாயக் காசு வரும் வீட்டின் தரைக்கு அடியில் ஒரு ஆகோர் இருக்கிறது.

மூன்றாம் வீடு: மரத்தில் ஏறிய பணக்காரர்

பல நூற்றாண்டுகள் சென்றன. எரிகோ இப்போது ரோமர் ஆட்சியில் இருந்தது. அங்கே வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவர் சகேயு. பெரிய பணக்காரர். அந்த நாளில் வரி வசூலிப்பவர்கள் விதித்ததற்கு மேல் பிடுங்குவது வழக்கம். ஊரார் அவர்களை வெறுத்தனர்.

ஏசுநாதர் எரிகோ வழியாக வந்தார். சகேயு குள்ளமானவர், கூட்டத்தில் எட்டிப் பார்க்க முடியவில்லை. ஓடிப் போய் ஒரு காட்டத்தி மரத்தில் ஏறிக் கொண்டார். ஏசுநாதர் மரத்தடியில் நின்றார். பெயர் சொல்லி அழைத்தார். அன்று அவர் வீட்டில் தங்கப் போவதாகச் சொன்னார்.

பாவியின் வீட்டுக்குப் போகிறாரே என்று ஊரார் முணுமுணுத்தனர். சகேயு எழுந்து நின்றார். தம் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். யாரையாவது ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகவும் சொன்னார்.

இது எவ்வளவு பெரிய வாக்கு? குற்றத்தை ஒப்புக் கொண்டவன் எடுத்ததைத் திருப்பி, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்தால் போதும் என்பது பழைய சட்டம். சகேயு சொன்னதோ நான்கு மடங்கு. ஒரு கணக்குப் பார்க்கலாம். ஒருவரிடம் 800 காசு இருப்பதாக வைத்துக் கொள்வோம். பாதி, அதாவது 400, ஏழைகளுக்குப் போகிறது. அந்த 800-ல் வெறும் 100 காசு ஏமாற்றி வாங்கியதாக இருந்தாலும், நான்கு மடங்கு 400. மிச்சம் ஒன்றும் இல்லை!

சகேயுவின் மனைவி மக்களைப் பற்றி பைபிள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று மீட்பு வந்தது அந்த மனிதருக்கு மட்டும் அல்ல, அந்த வீட்டுக்கே என்றார் ஏசுநாதர்.

பொன் உள்ளே போன நாளில் ஆகானின் வீடு அழிந்தது. பொன் வெளியே போன நாளில் சகேயுவின் வீடு பிழைத்தது.

வாசலாகும் பள்ளத்தாக்கு

ஆகோர் பள்ளத்தாக்கு என்ன ஆயிற்று? ஓசியா என்ற தீர்க்கதரிசி அதைப் பற்றி எழுதினார். துன்பப் பள்ளத்தாக்கே ஒரு நாள் நம்பிக்கைக்கு வாசலாக மாறும். இது கடவுள் தரும் வாக்கு என்றார்.

ஒரு குடும்பம் எவ்வளவு கெட்டிருந்தாலும், அதில் ஒருவர் திரும்பி நடந்தால் போதும். வாசல் திறக்கும். ராகாப் வீட்டில் அது ஒரு மகள். சகேயு வீட்டில் அது ஒரு குடும்பத் தலைவர்.

மாலையில் வேலை முடிந்து வருகிறவர் கையில் ஏதோ கொண்டு வருகிறார். பிள்ளைகள் ஓடி வந்து வாங்குகிறார்கள். அது உழைத்து வந்ததா என்று மனைவி ஒரு வார்த்தை கேட்கலாம். அந்த ஒரு வார்த்தையை ஆகானின் கூடாரத்தில் யாராவது கேட்டிருந்தால், 36 வீடுகளில் அழுகுரல் எழுந்திராது. 37-வது வீடும் நின்றிருக்கும்.