தேறிய மது எது?

எங்கள் இல்லத்தில் இரண்டு புட்டிகள் இருந்தன. இரண்டும் ஒரே ஊரில், ஒரே ஆண்டில் விளைந்த திராட்சையின் மது. ஒன்றைக் காலத்திற்கு முன்பே திறந்து அதன் அருமை அறியாமற் போனோம். மற்றொன்றைப் பொத்திப் பொத்தி வைத்துப் பாழாக்கினோம். பிழை மதுவினுடையதன்று, எங்களுடையதே என்பது பல ஆண்டுகள் சென்ற பின்னரே விளங்கிற்று. அந்த அனுபவத்தை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

மது தீண்டாத இல்லங்களே நம்மவருள் மிகுதி. அவர்களை அருந்தத் தூண்டுவது எங்கள் நோக்கமன்று. ஆயினும், அயல்நாட்டில் வாழும் உறவினர் ஊருக்கு வரும்போது ஒரு புட்டியைப் பரிசாகக் கொண்டுவருவது இந்நாளில் அரிய செய்தியன்று. அதனை அலமாரியில் பூட்டிவைத்து, "நல்ல நாள் வரட்டும்" என்று காத்திருப்பதும் நம் வழக்கமாகிவிட்டது. அந்தக் காத்திருப்பைப் பற்றியதே இக்கட்டுரை.

எங்களுக்கு அப்புட்டிகளை அளித்தவர் எங்கள் பெரியப்பா. புதுச்சேரியிற் பிறந்து, பிரெஞ்சு அரசுப் பணியில் அமர்ந்து, பாரிஸிலேயே ஓய்வு பெற்றவர். 2009-ஆம் ஆண்டில் புனேக்கு வந்திருந்தபோது, 2005-ஆம் ஆண்டின் பொம்மார் என்னும் சிவப்பு மதுப் புட்டிகள் இரண்டைக் கையில் தந்தார். "அவசரப்படாதீர்கள்; அது தேற வேண்டும்" என்று ஒரே ஒரு சொல் சொன்னார்.

'தேற வேண்டும்' என்ற சொல்லை அவர் அறிந்து சொன்னாரோ, இயல்பாகச் சொன்னாரோ! நம் முன்னோர் தெளிந்த மதுவுக்குத் 'தேறல்' என்றே பெயரிட்டனர். மூங்கிற் குழாய்களில் இட்டு முதிரவைத்த தேறலைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. யவனர் கொணர்ந்த தேறலைப் புறநானூறு குறிக்கிறது. பெரியப்பாவின் ஊருக்கு அருகிலேயே உள்ள அரிக்கமேட்டில், 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வாய்வில், மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து மது வந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. தேர்வில் மாணவன் தேறுகிறான். நோயாளி உடல் தேறுகிறான். மதுவும் கசடு நீங்கித் தேறுகிறது. மூன்றிலும் காலம் வேண்டும். காலம் மட்டும் போதாது.

இனி, அந்த மது பிறந்த நாட்டைப் பார்ப்போம். பிரான்சின் கிழக்குப் பகுதியில் பர்கண்டி நாடு உள்ளது. திஜோன் நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு சரிவு செல்கிறது. 'பொன் சரிவு' என்று பொருள் கொள்ளத்தக்க கோத் தோர் என்பது அதன் பெயர். அங்குள்ள திராட்சைத் தோட்டங்களை 2015-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. அந்நாட்டின் சிறந்த சிவப்பு மதுவெல்லாம் பினோ நுவார் என்னும் ஒரே திராட்சை வகையிலிருந்து வருவது. பழம் ஒன்றேயாயினும் நிலத்திற்கு நிலம் தரம் வேறு. பொதுவான பர்கண்டி முதற்படி. ஊர்ப் பெயர் தாங்கியது இரண்டாம் படி. 'பிரமியே க்ரூ' என்னும் தேர்ந்த தோட்டத்து மது மூன்றாம் படி. 'கிராண்டு க்ரூ' என்பது உச்சி. அவ்வுச்சிப் படியில் 33 தோட்டங்களே உள்ளன.

படி உயர உயரப் பொறுமையும் உயர வேண்டும். பொதுவான பர்கண்டி இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் அருந்தத்தக்கது. ஊர்ப் பெயர் தாங்கியது ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் தேறும். பிரமியே க்ரூ எட்டு முதல் பதினைந்து ஆண்டுகள் கேட்கும். கிராண்டு க்ரூ பத்து ஆண்டுகளுக்கு மேலும், சில வேளை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலும் வளரும். இவை வழிகாட்டிகளேயன்றி விதிகள் அல்ல. விளைந்த ஆண்டும் தன் பங்கைக் கேட்கும். 2007-ஆம் ஆண்டுச் சிவப்பு மது மென்மையானது, விரைவில் தேறியது. 2005-ஆம் ஆண்டினதோ இறுக்கமானது. நெடுங்காலம் வாய் திறவாதது. பொம்மார் ஊரின் மதுவும் இயல்பிலேயே துவர்ப்பு மிகுந்தது. ஆகவே எங்கள் கையில் இருந்தது இருமடங்கு பொறுமை வேண்டுவது.

இதனை அறியாமல் 2010-ஆம் ஆண்டு தீபாவளியன்று முதற்புட்டியைத் திறந்தோம். நாவில் வாழைப்பூத் துவர்ப்பு, மணமோ ஒன்றுமில்லை. "இதற்கா இத்தனை பேச்சு?" என்று நகைத்துவிட்டு, எஞ்சியதைக் கொட்டினோம். நல்ல பர்கண்டி மதுவுக்கு இப்படியொரு மௌனப் பருவம் உண்டு. இளமையில் பழமணம் காட்டிச் சிரித்த மது, சில ஆண்டுகள் தன்னுள் ஒடுங்கிக் கிடந்து, பின்னர் மீண்டும் மலரும். அந்த மௌனத்தைக் கண்டு, மது கெட்டது என்று முடிவு கட்டுவதே பலரும் செய்யும் முதற்பிழை.

தேறியதை எவ்வாறு அறிவது? முதலில் கண். கிண்ணத்தைச் சாய்த்து, வெள்ளை வேட்டியின் முன் பிடித்து, மதுவின் விளிம்பைப் பார்க்க வேண்டும். நாவற்பழச் சாயல் இருந்தால் இளமை. செங்கல் நிறமோ காவியோ தோன்றினால் முதிர்ச்சி. முற்றிலும் பழுப்பேறினால் முதுமை. ஆனால் பினோ நுவார் மெல்லிய தோல் உடைய பழமாதலால் அதன் மது பிறப்பிலேயே வெளிறியது. நிறம் குறைவு என்பதற்காக வயது மிகுதி என்று எண்ணிவிடலாகாது. நிறத்தின் அளவை விடச் சாயலே சான்று. அடியில் வண்டல் படிவதும் நற்குறியே. நிறப்பொருளும் துவர்ப்புப் பொருளும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து கீழே படிவதால்தான் மதுவின் துவர்ப்பு தணிகிறது. திறப்பதற்கு ஒரு நாள் முன்பே புட்டியை நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடங்கிவிடும்.

அடுத்தது மூக்கு. இளமையில் செர்ரி முதலிய செம்பழங்களின் மணம். முதிர்ச்சியில் மழை பெய்த காட்டின் சருகு, காளான், பதனிட்ட தோல் ஆகியவற்றின் மணம். கடைசியில் நாக்கு. துவர்ப்பு ஈறுகளைப் பற்றி இழுத்தால் பொறுத்திருக்க வேண்டும்; பட்டுப்போல் வழுகினால் காலம் வந்துவிட்டது; புளிப்பு மட்டும் எஞ்சினால் காலம் போய்விட்டது. இவற்றினும் எளிய சோதனை ஒன்று உண்டு. சிறிது ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். நேரம் செல்லச் செல்ல மணம் பெருகினால் மது இன்னும் இளையது. சில நிமிடங்களிலேயே மணம் மறைந்தால் அது தள்ளாடும் முதியது.

இனி இரண்டாம் புட்டியின் கதை. முதற்புட்டியில் பாடம் கற்றவர்கள்போல், இதனை அண்ணாவின் மணிவிழாவுக்கென்று ஒதுக்கிச் சமையலறைப் பரணில் ஏற்றினோம். பெரியப்பாவும் அவ்விழாவுக்கு வருவதாக இசைந்திருந்தார். 2016-ஆம் ஆண்டில் அவர் பாரிஸில் காலமானார். 2019-ஆம் ஆண்டு மணிவிழாவன்று புட்டியை இறக்கியபோது தக்கை சற்றே மேலெழுந்திருந்தது. கழுத்தில் கசிந்த கறை காய்ந்திருந்தது. உள்ளே இருந்தது பழுப்புநீர். காய்ச்சிய வெல்லப்பாகும் காடியும் கலந்தாற்போன்ற வாசம். பதினான்கு ஆண்டு மதுவுக்கு அது முதுமையன்று. புனேயின் வெயில் அதனைக் கொன்றுவிட்டது.

பர்கண்டியில் மது உறங்கும் நிலவறைகளின் வெப்பம் 12 முதல் 14 பாகை வரை. புனேயில் ஏப்ரல், மே மாதங்களில் 38 பாகைக்கு மேலும் ஏறும். அடுப்பின் மேலுள்ள பரணைச் சொல்லவே வேண்டா. வெப்பம் மதுவை விரைந்து தேறச் செய்யும் என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. அடுப்பில் வைத்து மாங்காயைப் பழுக்கவைக்க இயலாது, வேகவைக்கவே இயலும்.

2022-ஆம் ஆண்டில் பாரிஸ் சென்றபோது, பெரியப்பாவின் மகன் நிலவறையிலிருந்து அதே பெட்டியின் புட்டி ஒன்றை எடுத்து வந்தார். விளிம்பில் செங்கல் நிறம்; மழைக்காட்டு மணம்; துவர்ப்பு இருந்த இடம் தெரியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நகைத்துக் கொட்டிய அதே மது! "அப்பா உங்களுக்குக் கொடுத்தது இதுதான்" என்றார் அவர். எங்களால் ஒன்றும் பேச முடியவில்லை.

நம் இல்லங்களுக்கு நாங்கள் கூறத்தக்கது இதுவே. குளிரூட்டிய தனிப்பேழை இல்லாத வீட்டில் நல்ல மதுவை ஆண்டுக்கணக்கில் வைத்தல் ஆகாது. ஐப்பசியில் வந்த புட்டியைப் பங்குனி பிறக்குமுன் திறந்துவிடுங்கள். தேறாததாயின், நிலவறை உள்ளவரிடமே விட்டுவைக்கச் சொல்லுங்கள். அருந்துமுன் சிறிது குளிர்வித்து, 16 பாகையளவில் பரிமாறுக. நம் அண்டையிலுள்ள நாசிக், பாராமதி வட்டாரங்களின் சிவப்பு மதுவுக்கு இந்தக் கவலை பெரிதும் இல்லை. ஆண்டுக்கு இருமுறை கொடியைக் கவாத்து செய்து, மாசி பங்குனிக்குள் அறுவடை முடிக்கும் நாடு இது. இங்கு எடுக்கும் மதுவிற் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் அருந்துவதற்கென்றே ஆக்கப்படுவது. அருந்துவோர்க்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்னும் 1949-ஆம் ஆண்டுச் சட்டம் மராட்டியத்தில் இன்றும் உள்ளது என்பதையும் மறவற்க.

முந்தித் திறந்தவனுக்கு ஏமாற்றம் மட்டுமே. மது இன்னதென்றாவது அறிவான். வைத்துப் பாழாக்கியவனுக்கு அதுவும் இல்லை. நல்ல நாளுக்கென்று நாம் பூட்டிவைப்பது மதுவை மட்டுமா? கொடுத்தவர் உடனிருந்து, கிண்ணத்தைப் பார்த்து, "தேறிவிட்டது" என்று சொல்லக்கூடிய நாளே நல்ல நாள். அந்த நாளைத் தள்ளிப்போட்டது எங்கள் பிழை. நேயர்கள் அதனைச் செய்யாதிருப்பார்களாக.