சீஸ் ஏன் பிரிஞ்சு போச்சு? மெக்சிகோவின் பச்சை ஸ்பகெட்டி

(எபிசோடின் பேச்சு, படிக்க வசதியாகச் சற்றே சுருக்கி, திருத்தித் தரப்பட்டுள்ளது.)

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு ஆறு பேர் வர்றாங்க. "மெக்சிகன் சீஸ் பாஸ்தா பண்றேன், யாரும் ஆர்டர் பண்ணாதீங்க"ன்னு குரூப்ல பந்தாவா மெசேஜ் வேற போட்டாச்சு. தக்காளி, மிளகாய்த்தூள், ஒரு பாக்கெட் டாக்கோ மசாலா எல்லாம் தளதளன்னு கொதிக்குது. அதுல அரை கிலோ மொசரெல்லாவைத் துருவிக் கொட்டினேன். அஞ்சு நிமிஷத்துல மேல எண்ணெய் மிதக்குது, அடியில சீஸ் ஒரு ரப்பர் பந்து. கரண்டியைத் தூக்கினா பந்து முழுசா கூடவே வருது. அன்னிக்கு எல்லாரும் புரோட்டாதான் சாப்பிட்டோம். சீஸுக்குப் போன காசைப் பத்திப் பேச வேணாம்.

அந்தக் கோவத்துல உட்கார்ந்து படிச்சதுதான் இந்த எபிசோட்.

முதல்ல ஒரு சந்தேகம். மெக்சிகோக்காரங்க உண்மையிலேயே பாஸ்தா சாப்பிடுறாங்களா, இல்ல இது சும்மா ஏதோ கஃபே மெனுவுல கண்டுபிடிச்ச ஐட்டமா? சாப்பிடுறாங்க, ரொம்ப நாளாவே. ஸ்பானியர்கள் கொண்டு வந்த 'ஃபிதேயோ'ன்னு ஒரு மெல்லிசு நூடுல்ஸ் அங்க தினசரிச் சாப்பாடு. அதைப் பண்ற விதத்தைக் கேட்டா நீங்க சிரிப்பீங்க: எண்ணெயில பொன்னிறமா வறுத்து, தக்காளியும் மிளகாயும் அரைச்ச சாறை ஊத்தி, அது வத்துற வரைக்கும் வேக விடணும். நம்ம சேமியா உப்புமாவோட ஒண்ணுவிட்ட அண்ணன்!

இன்னொண்ணுதான் இன்னிக்கு ஹீரோ. பேரு 'எஸ்பகெட்டி வெர்தே', அதாவது பச்சை ஸ்பகெட்டி. பிறந்தநாள், கல்யாணம், கிறிஸ்துமஸ்னு விசேஷம் எதுவா இருந்தாலும் பெரிய தட்டுல வந்து உட்காரும். பொப்லானோங்கிற பெரிய, கரும்பச்சை மிளகாயை நெருப்புல சுட்டு, தோல் உரிச்சு, க்ரீமும் சீஸும் சேர்த்து அரைச்ச சாஸ்தான் அதோட உயிர். தக்காளி கிடையாது. டாக்கோ மசாலா கிடையவே கிடையாது.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. மிளகாய் மெக்சிகோவோட சொந்தப் பயிர். ஆனா ஸ்பானியர்கள் வர்றதுக்கு முன்னாடி அங்க மாடே கிடையாது, அதனால பாலும் இல்ல, சீஸும் இல்ல. நமக்கு நேர் தலைகீழ். மாடும் தயிரும் நம்மகிட்ட எப்பவோ இருந்துச்சு, மிளகாய்தான் போர்ச்சுக்கீசியர்கள் புண்ணியத்துல கப்பலேறி வந்துச்சு. மிளகு மாதிரி காரம்ங்கிறதால 'மிளகு-காய்'னு நாமளே பேரும் வச்சுக்கிட்டோம்.

சரி, என் ரப்பர் பந்துக்கு வருவோம். சீஸ்ங்கிறது ஒரு வலை. கேசீன்ங்கிற பால் புரதம்தான் நூல். அந்த நூல்களைக் கட்டி வச்சிருக்கிற முடிச்சு கால்சியம். வலைக்குள்ள கொழுப்பும் தண்ணியும் மாட்டிக்கிட்டு இருக்கு. மிதமான சூட்டுல வலை தளரும், சீஸ் அழகா உருகும். சூடு எகிறினா அதே வலை இறுகி, உள்ள இருக்கிறதையெல்லாம் ஈரத்துணியைப் பிழியுற மாதிரி வெளிய தள்ளிடும். எண்ணெய் தனி, ரப்பர் தனி.

நான் பண்ணின தப்பு ஒண்ணு இல்ல, மூணு. சூடு அதிகம், அது தெரிஞ்சதுதான். அடுத்தது தக்காளியோட புளிப்பு. எலுமிச்சை பிழிஞ்சு பாலைத் திரிய வச்சு பன்னீர் எடுக்கிறோமே, அங்கேயும் கேசீன்தான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. நான் தெரியாமலேயே என் சாஸுக்கு அதைப் பண்ணிட்டேன். மூணாவது, மொசரெல்லா. அது நூல் நூலா இழுபடுறதுக்குன்னே செஞ்ச சீஸ். பீட்சா மேல போட்டா போட்டோ எடுக்கலாம், சாஸுக்கு அது தோது இல்ல.

அப்ப எந்த சீஸ்? இதைச் சொன்னா சிலர் முகம் சுளிப்பாங்க: பெட்டிக்கடையில கூட கிடைக்கிற சீஸ் க்யூப். 1911-ல சுவிட்சர்லாந்துல வால்டர் கெர்பர், ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லர்னு ரெண்டு பேர், சீஸோட சோடியம் சிட்ரேட் உப்பைச் சேர்த்து உருக்கினா அது பிரியறதில்லைன்னு கண்டுபிடிச்சாங்க. அந்த உப்பு கால்சியம் முடிச்சை அவிழ்த்துடும். அவிழ்ந்த கேசீன் கொழுப்பையும் தண்ணியையும் சேர்த்துப் பிடிச்சுக்கும். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, எமல்சிஃபயர்னு போட்டு 331, 339 மாதிரி ஒரு எண் இருக்கும். 331-தான் சோடியம் சிட்ரேட். இன்னொரு விஷயம், அதோட வேதியியல் குறியீட்டுல எண்களை எடுத்துட்டு எழுத்தை மட்டும் படிங்க: 'நாச்சோ'ன்னு வரும். சத்தியமா நான் விளையாடல!

சரி, அடுப்பைப் பத்த வைப்போம். நாலு பேருக்கு 300 கிராம் ஸ்பகெட்டி. பொப்லானோ நம்ம மார்க்கெட்டுல கிடைக்கிறது கஷ்டம். அதோட சதை தடிமனா இருக்கும், காரம் கம்மி. அதனால நான் ரெண்டு பெரிய பச்சைக் குடைமிளகாய், மூணு பஜ்ஜி மிளகாய் எடுத்துக்கிட்டேன். குடைமிளகாய் சதைக்கு, பஜ்ஜி மிளகாய் வாசனைக்கு. அதே ருசி வராது, ஆனா பக்கத்துல வந்துடும்.

கத்திரிக்காய் சுடுற மாதிரி கேஸ் அடுப்பு நெருப்புலயே வச்சுத் திருப்பித் திருப்பிச் சுடுங்க. தோல் நல்லா கருகணும், பயப்படாதீங்க. சுட்டதை ஒரு பாத்திரத்துல போட்டு 10 நிமிஷம் மூடி வச்சா, அந்த ஆவியிலேயே தோல் கழண்டு வரும். கையால உரிச்சு விதையை எடுத்துடுங்க. குழாய்த் தண்ணியில மட்டும் கழுவாதீங்க, இவ்வளவு நேரம் சுட்ட வாசனை மொத்தமும் சிங்க்குக்குள்ள போயிடும். அங்கங்க ஒட்டியிருக்கிற கருப்பு இருந்துட்டுப் போகட்டும்.

வெண்ணெயில பாதி வெங்காயம், மூணு பல் பூண்டு வதக்கி ஆற வைங்க. அதோட மிளகாய், ஒரு கைப்பிடி கொத்தமல்லி, 250 மில்லி பால், ஒரு டீஸ்பூன் சோளமாவு சேர்த்து மிக்சியில நைசா அரைங்க. சூடா போட்டா மூடி பறக்கும், அது தனி எபிசோட். சோளமாவு எதுக்குன்னா, அதோட ஸ்டார்ச் புரதத்துக்கு நடுவுல புகுந்து கட்டியாகாம பார்த்துக்கும்.

இன்னொரு பக்கம் ஸ்பகெட்டியை உப்புத் தண்ணியில வேக விடுங்க. சீஸ்லயும் உப்பு இருக்கு, அதனால தாராளமா அள்ளிப் போடாதீங்க. வடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கப் தண்ணியை எடுத்து வச்சுக்கணும். நான் ரெண்டு தடவை மறந்திருக்கேன்.

அரைச்ச விழுதைக் கடாயில ஊத்தி, லேசா கெட்டியாகுற வரை கிளறுங்க. சிம்ல வச்சு 100 மில்லி ஃப்ரெஷ் க்ரீம் சேருங்க. இப்ப அடுப்பை அணைச்சிடுங்க. ஆமா, சீஸ் போடுறதுக்கு முன்னாடியே! ஒரு நிமிஷம் பொறுத்து, துருவின நாலு க்யூபைக் கொஞ்சம் கொஞ்சமா தூவிக் கிளறுங்க. சாஸோட சூடே அதை உருக்கப் போதும். ஸ்பகெட்டியைப் போட்டு, எடுத்து வச்ச தண்ணியை விட்டு விட்டுப் பிரட்டினா பளபளன்னு ஒட்டிக்கும். மேல வேக வச்ச ஸ்வீட் கார்ன் தூவலாம். எலுமிச்சை வேணும்னா தட்டுல போட்ட பிறகு ரெண்டு சொட்டு, கடாயில வேணாம்.

இவ்வளவுக்கும் அப்புறம் சாஸ் லேசா எண்ணெய் விட ஆரம்பிச்சா, உடனே அடுப்பிலிருந்து இறக்கிடுங்க. ரெண்டு ஸ்பூன் சூடான பாலும் இன்னொரு க்யூபும் போட்டு வேகமா அடிங்க, பெரும்பாலும் சேர்ந்துடும். ரப்பர் பந்து ஆயிட்டா ஒண்ணும் பண்ண முடியாது, புரோட்டா கடை நம்பரைத் தேடுங்க.

மிச்சம் இருந்தா ஃப்ரிட்ஜ்ல வச்சு மறுநாள் சாப்பிடலாம். மைக்ரோவேவ்ல ஃபுல் பவர்ல வைக்காதீங்க, மறுபடியும் பிரிஞ்சிடும். சிம்ல கொஞ்சம் பால் விட்டுக் கிளறினா போதும். போன ஞாயித்துக்கிழமை அதே ஆறு பேரும் வந்தாங்க. மறுநாளைக்குன்னு ஒரு கரண்டி கூட மிஞ்சல.